வீட்டில் பூஞ்சை: தடுத்தலும் நீக்கலும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கிச் சில வாரங்களுக்குள், வெயில் படாத சுவரின் மேல்மூலையிலும், பீரோவின் முதுகுப்புறத்திலும், குளியலறையை ஒட்டிய அலமாரியின் உட்பக்கத்திலும் கரும்புள்ளிகளாகவோ பச்சை கலந்த வெண்படலமாகவோ பூஞ்சை தலைகாட்டுகிறது. தமிழ்நாட்டில் ஓராண்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுவதாலும், அந்த மாதங்களில் வெயில் குறைந்து காற்றும் ஈரமாகவே இருப்பதாலும், நனைந்த சுவர் காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்காகச் செய்யப்படுவது, பொங்கலுக்கு முன் சுவரைத் துடைத்துப் புது வண்ணம் அடிப்பதோடு நின்றுவிடுகிறது. கறை போனாலும் ஈரம் போகாததால், அடுத்த ஐப்பசியில் அதே மூலையில் அதே கறை திரும்ப வருகிறது.

எனவே பூஞ்சை வேலை ஐந்து படிகள் கொண்டது: ஈரம் வரும் வழியைக் கண்டறிதல், அந்த வழியை அடைத்தல், இடத்தை உலர்த்துதல், பூஞ்சையைத் துடைத்து நீக்குதல், கடைசியாகப் பூச்சும் வண்ணமும். இவற்றுள் எந்தப் படியும் கடினமானதன்று. ஆனால் வரிசை மாறினால் செலவும் உழைப்பும் வீணாகும். இந்த இயலில் உள்ள எல்லா முறைகளும் இந்த வரிசையைப் பின்பற்றியே சொல்லப்படுகின்றன.

பூஞ்சை வளர்வது எப்படி

பூஞ்சை, நுண்வித்துகள் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத துகள்களால் பரவுகிறது. இத்துகள்கள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருப்பதால் அவற்றை முழுமையாக ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் தேவையில்லை. காகிதம், மரம், தோல், பருத்தி, வண்ணப்பூச்சு, சுவரில் படிந்த தூசி, எண்ணெய்ப் பிசுக்கு ஆகிய எல்லாமே பூஞ்சைக்கு உணவாவதாலும், நமது வீடுகளின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் அதற்கு ஏற்றதாகவே இருப்பதாலும், வீட்டார் கட்டுப்படுத்தக்கூடியது ஈரம் ஒன்றே. சுவரை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டை எட்டி நாட்கணக்கில் நீடித்தால், சுவரில் தண்ணீர் வடியாவிட்டாலும் பூஞ்சை முளைத்துவிடும். அறையின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது நல்லது. கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் இந்த அளவை ஏசி இல்லாமல் எட்டுவது அரிது என்றாலும், காற்றோட்டத்தால் சுவர்ப்பரப்பை உலர்வாக வைத்திருக்க முடியும். நனைந்த பொருள் எதுவாயினும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பூஞ்சை பெரும்பாலும் பிடிப்பதில்லை. இந்த இயலில் நினைவில் வைக்க வேண்டிய எண் ஒன்றே ஒன்று உண்டென்றால் அது இதுவே.

முதலில் உறுதி செய்ய வேண்டியது: பூஞ்சையா, உப்பா?

சுவரில் தோன்றும் வெண்மை எல்லாம் பூஞ்சையாகிவிடாது. செங்கல்லிலும் மணலிலும் நிலத்தடி நீரிலும் உள்ள உப்பு, ஈரத்தோடு சுவரின் மேற்பரப்புக்கு வந்து, ஈரம் ஆவியான பின் வெண்பொடியாகத் தங்குவது உப்புப் பூத்தல் எனப்படும். இரண்டையும் பிரித்தறிய எளிய சோதனை உண்டு.

1. வெண்மையின் மீது சில துளி தண்ணீர் விடவும். கரைந்து மறைந்தால் அது உப்பு. நனைந்தும் அப்படியே இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம்.
2. கையுறை அணிந்த விரலால் சிறிது எடுத்துத் தேய்த்துப் பார்க்கவும். நறநறவெனப் பொடிந்தால் உப்பு. பஞ்சுபோல் நசுங்கியோ வழுவழுப்பாகவோ இருந்தால் பூஞ்சை.
3. நிறத்தையும் வாடையையும் கவனிக்கவும். கருமை, பச்சை, பழுப்பு நிறங்களும் மக்கல் வாடையும் பூஞ்சைக்கு உரியவை. வாடையை அறிய மூக்கை அருகில் கொண்டு செல்லக் கூடாது. மூடியிருந்த அலமாரியைத் திறந்த நொடியிலேயே அது தெரிந்துவிடும்.

உப்பாக இருந்தாலும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. சுவருக்குள் தண்ணீர் ஏறுகிறது என்பதற்கு அது சான்றாதலால், அடுத்த பகுதியில் சொல்லப்படும் சோதனைகள் இரண்டுக்கும் பொதுவானவை.

ஈரம் வரும் வழியைக் கண்டறிதல்

வீட்டுச் சுவரில் ஈரம் நான்கு வழிகளில் வருகிறது: மேலிருந்து மழைநீர்க் கசிவு, கீழிருந்து ஏறும் ஓதம், உள்ளே குழாய்க் கசிவு, காற்றிலிருந்து படியும் நீர். கறை எங்கே இருக்கிறது என்பதே முதல் துப்பு.

*மழைநீர்க் கசிவு.* கறை கூரைத் தளத்திலோ, தளமும் சுவரும் சேரும் இடத்திலோ, சன்னலின் கீழ்மூலையிலோ இருந்து, மழைக்குப் பின் விரிந்து, வெயிலில் சுருங்கினால் அது மழைநீர். மொட்டை மாடியில் தட்டோடுகளின் இணைப்புச் சாந்து உதிர்ந்திருப்பது, கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் விரிசல் கண்டிருப்பது, மழைநீர்க் குழாயின் வாய் இலைதழையால் அடைபட்டிருப்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான வீடுகளில் காரணமாக இருக்கின்றன. குழாய் வாயில் ஒரு கைப்பிடி வேப்பிலைச் சருகு சேர்ந்தாலே போதும். மாடியில் இரண்டு அங்குல நீர் இரவெல்லாம் தேங்கி, மயிரிழை விரிசல் வழியாகக் கீழே இறங்கிவிடும்.

*ஏறும் ஓதம்.* கறை தரையிலிருந்து தொடங்கி ஏறக்குறைய மூன்றடி உயரத்துக்குள் நின்று, அதன் மேல்விளிம்பில் உப்புக் கோடு தெரிந்தால், அது மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சும் நீர். கடைக்கால் கட்டுமானத்துக்கு மேல் டிபிசி எனப்படும் ஓதத்தடுப்பு அடுக்கு போடப்படாத பழைய வீடுகளிலும், சாலை மீண்டும் மீண்டும் மேலே போடப்பட்டுத் தெருமட்டம் உயர்ந்துவிட்ட வீடுகளிலும், சுவரை ஒட்டி மண்ணைக் குவித்துச் செடி வைத்த வீடுகளிலும் இது மிகுதி.

*குழாய்க் கசிவு.* மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கறை மாறாமல் இருந்தால் குழாயைச் சந்தேகிக்க வேண்டும். இரவு படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்து வைத்து, காலையில் யாரும் தண்ணீர் எடுக்கும் முன் மீண்டும் பார்க்கவும். மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது. கழிவுநீர்க் குழாயின் கசிவு இச்சோதனையில் தெரியாது. சந்தேகமுள்ள குளியலறையை மூன்று நாள் பயன்படுத்தாமல் விட்டு, அதன் மறுபக்கச் சுவர் காய்கிறதா எனப் பார்ப்பதே அதற்கு வழி.

*காற்றிலிருந்து படியும் நீர்.* வெப்பமும் ஈரமும் கொண்ட காற்று குளிர்ந்த பரப்பில் படும்போது நீர்த்துளியாக மாறுகிறது. ஊட்டி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலையூர்களின் சுவர்களிலும், சமவெளியில் ஏசி அறையின் மறுபக்கச் சுவரிலும், காற்றுப் புகாத பீரோவின் பின்புறத்திலும் இவ்வாறு நீர் படிகிறது.

நான்கில் எது என்று தெளிவாகாதபோது, சமையலறையில் பயன்படும் அலுமினியத் தாள் துணை செய்யும்:

1. கறைக்கு அருகில், பார்வைக்கு நன்றாக உள்ள சுவர்ப்பரப்பில் ஓரடிச் சதுர இடத்தைத் துணியால் துடைத்துக் காயவிடவும்.
2. அதே அளவுள்ள அலுமினியத் தாளை அவ்விடத்தில் வைத்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதவாறு டேப்பால் ஒட்டவும்.
3. இரண்டு நாள் கழித்துப் பார்க்கவும். தாளின் வெளிப்பக்கத்தில் நீர்த்துளிகள் இருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் உலர்ந்து, பிரித்துப் பார்க்கும்போது சுவரை ஒட்டிய பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.

குறிப்பு: இதே சோதனையை, சுவர் வண்ணம் அடிக்கும் அளவுக்கு உலர்ந்துவிட்டதா என்று அறியவும் பயன்படுத்தலாம்.

வழியை அடைத்தல்

மாடி வேலையைக் கோடையில் முடித்துவிடுவதே நல்லது. தட்டோட்டு இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, நீர்க்காப்புக் கலவை சேர்த்த சாந்தால் நிரப்ப வேண்டும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையைச் சரிவாகப் பூச வேண்டும். வேலை முடிந்து சாந்து நன்கு இறுகிய பின், குழாய் வாயை அடைத்து, தளத்தில் ஓரங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி 24 மணி நேரம் விட்டு, கீழே கசிகிறதா எனப் பார்த்த பிறகே கொத்தனாருக்குக் கணக்கு முடிப்பது நல்லது. கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்ந்த பழைய தளத்தில் இவ்வாறு தண்ணீர் கட்டக் கூடாது. அந்தத் தளத்தைப் பொறியாளர் ஒருவர் பார்க்க வேண்டும்.

ஏறும் ஓதத்துக்கு, முதலில் சுவரை ஒட்டிய மண்ணையும் தொட்டிச் செடிகளையும் அகற்றி, மழைநீர் சுவரை விட்டு விலகி ஓடுமாறு தரையைச் சரித்துவிட வேண்டும். செலவில்லாத இந்த வேலையே பல வீடுகளில் ஓதத்தைக் குறைத்துவிடுகிறது. அதன் பின்னும் ஓதம் ஏறினால், சுவரில் துளையிட்டு நீர்தடுப்பு மருந்து செலுத்தும் முறை உண்டு. அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. ஓதச் சுவரின் மேல் டைல் ஒட்டி மறைத்தால், வெளியேற வழியில்லாத நீர் டைலுக்கும் மேலே ஏறிப் புதிய இடத்தில் கறையாக வெளிப்படும்.

காற்றிலிருந்து படியும் நீருக்குக் காற்றோட்டமே மருந்து. பீரோ, கட்டில் தலைப்பலகை, புத்தக அலமாரி ஆகியவற்றைச் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி வைக்க வேண்டும். மழை விட்டு வெயில் தெரியும் நேரத்தில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்து வைப்பதும், மழை பெய்யும்போதும் பின்னிரவிலும் அவற்றை மூடி வைப்பதும் முறை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வைத்தால், எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை ஊகத்துக்கு விட வேண்டியிருக்காது.

நீக்கத் தொடங்குமுன்: பாதுகாப்பு

ஈரமான, பூஞ்சை பிடித்த வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் மூச்சுத் தொல்லைகளும் கூடுதலாக வருவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் சுட்டிக்காட்டியுள்ளது. சுத்தம் செய்யும் நேரத்தில் நுண்வித்துகள் பெருமளவில் காற்றில் கலப்பதால், அந்த ஒரு மணி நேரமே மிகுந்த கவனத்துக்குரியது.

- ஆஸ்துமா உள்ளவர்கள், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், கட்டுப்படாத சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டோர் ஆகியோர் இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேலை முடியும் வரை அந்த அறையிலும் இருக்கக் கூடாது.
- என்-95 முகக்கவசம், முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, காற்றுத்துளை இல்லாத பாதுகாப்புக் கண்ணாடி ஆகிய மூன்றும் வேண்டும். மூக்கில் கட்டும் துண்டோ துணிக் கவசமோ நுண்வித்துகளைத் தடுக்காது.
- கறை சுவிட்ச் பெட்டிக்கு அருகில் இருந்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியன் பார்க்கும் வரை அந்த இடத்தைத் தொடக் கூடாது. ஈரச் சுவரில் மின்கசிவு உயிரைப் பறிக்கும்.
- பூஞ்சை பிடித்த பரப்பு 10 சதுர அடியை, அதாவது ஏறத்தாழ மூன்றடிக்கு மூன்றடியைத் தாண்டினால், அது வீட்டார் செய்யும் வேலையன்று. உரிய கருவிகளோடு செய்வோரை அழைக்க வேண்டும்.
- பிளீச்சோடு கழிப்பறை ஆசிட், வினிகர், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் ஆகிய எதையும் கலக்கக் கூடாது. நச்சு வாயு உடனே எழும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். ஒன்றைப் பயன்படுத்திய இடத்தைத் தண்ணீர் ஊற்றி நன்றாகக் கழுவாமல் மற்றொன்றைப் பயன்படுத்துவதும் கலப்பதற்குச் சமம்.

2021ஆம் ஆண்டில் கொரோனா நோயாளிகளைத் தாக்கிய ‘கருப்புப் பூஞ்சை’ நோயும் சுவரில் காணப்படும் கரும்புள்ளிகளும் ஒன்றே என்ற அச்சம் பலருக்கு உண்டு. அந்த நோய் மியூகார் வகைப் பூஞ்சைகளால் வருவது. சுவரில் கருமையாகப் படர்பவை பெரும்பாலும் வேறு இனங்கள். ஆயினும் எந்த இனமாக இருந்தாலும் நீக்கும் முறை ஒன்றே என்பதால், இனத்தை அறியப் பரிசோதனைக்குச் செலவிடத் தேவையில்லை.

சுவரிலிருந்து பூஞ்சையை நீக்குதல்

தேவையானவை: பாத்திரம் துலக்கும் திரவம் அல்லது சலவைத்தூள், இரண்டு வாளிகள், தெளிப்பான் புட்டி, ஸ்பாஞ்சு, நைலான் தூரிகை, பழந்துணிகள், பெரிய பிளாஸ்டிக் பை.

1. அறையிலுள்ள துணி, புத்தகம், உணவுப்பொருள் ஆகியவற்றை வெளியே எடுத்து, கதவை மூடி, அதன் கீழ் இடுக்கில் ஈரத்துணி ஒன்றைச் செருகவும்.
2. வெளிப்புறச் சன்னலைத் திறக்கவும். மின்விசிறியை அணைத்து வைக்கவும். சுழலும் விசிறி நுண்வித்துகளை வீடெங்கும் பரப்பும்.
3. ஒரு வாளித் தண்ணீரில் சோப்புத் திரவம் கலந்து, தெளிப்பானால் கறை முழுவதும் நனையுமாறு மென்மையாகத் தெளிக்கவும். உலர்ந்த பூஞ்சையைச் சுரண்டவோ பெருக்கவோ கூடாது.
4. ஐந்து நிமிடம் ஊறிய பின், கறையின் வெளிவிளிம்பிலிருந்து நடுப்பகுதி நோக்கி ஸ்பாஞ்சால் துடைக்கவும். நடுவிலிருந்து வெளியே துடைத்தால் கறை அகலமாகும்.
5. ஒவ்வொரு முறை துடைத்ததும் ஸ்பாஞ்சை இரண்டாவது வாளியில் அலசவும். அந்தத் தண்ணீர் கலங்கியதும் கழிப்பறையில் ஊற்றிவிட்டுப் புதுத்தண்ணீர் எடுக்கவும்.
6. பிடிவாதமான கறையைத் தூரிகையால் தேய்க்கவும். வண்ணம் உப்பியிருந்தால், நனைத்த நிலையிலேயே உப்பிய பகுதியைச் சுரண்டி எடுக்கவும். காரை பொதபொதவென்றிருந்தால் சுத்தம் செய்வதில் பயனில்லை. அந்தப் பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு மீண்டும் பூச வேண்டும்.
7. சுத்தமான ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, பின் உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்கவும்.
8. பயன்படுத்திய துணி, ஸ்பாஞ்சு, சுரண்டிய காரை அனைத்தையும் பையில் போட்டுக் கட்டி, அறைக்குள்ளேயே வாயை மூடிய பின் வெளியே எடுத்துச் செல்லவும்.
9. இப்போது மின்விசிறியைப் போட்டு, சுவரை முழுமையாக உலரவிடவும். உடுத்தியிருந்த துணியைத் தனியே துவைத்து, குளித்துவிடவும்.

பிளீச் வேண்டுமா? துளைகளற்ற டைல், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றில் சோப்பால் போகாத கறைக்கு மட்டும், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60 மில்லிக்கு மேற்படாமல் திரவ பிளீச் கலந்து பயன்படுத்தலாம். காரைச் சுவரிலும் மரத்திலும் அது மேற்பரப்பின் நிறத்தை வெளுக்கச் செய்யுமே தவிர, உள்ளே ஊடுருவிய வேரிழைகளை எட்டாது. அதோடு கலந்த தண்ணீர் மட்டும் உள்ளே இறங்கி ஈரத்தைக் கூட்டும். வெள்ளை வினிகரைச் சிலர் பயன்படுத்துகின்றனர். மார்பிள், கடப்பாக்கல், மொசைக் தரை ஆகியவற்றில் அது பட்டால் பளபளப்பு அரித்துப் போகும் என்பதால் அங்கெல்லாம் அதைத் தவிர்க்க வேண்டும்.

உலர்ந்த பின் வண்ணம்

மழையில் ஊறிய செங்கல் சுவர் காய்வதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். மேற்பரப்பு தொடுவதற்கு உலர்ந்திருப்பதை நம்பி எமல்ஷன் அடித்தால், நெகிழிப் படலம் போன்ற அந்தப் பூச்சு உள்ளிருக்கும் நீரை வெளியேற விடாமல் தடுத்து, சில மாதங்களில் உப்பிக்கொண்டு உதிரும். போகிக்கு முன் வெள்ளையடிக்கும் வழக்கம் சுண்ணாம்புக் காலத்தில் தோன்றியது. சுண்ணாம்புப் பூச்சு காரத்தன்மை மிக்கதாதலால் பூஞ்சை எளிதில் பிடிக்காது. நீராவி ஊடுருவிச் செல்ல அது இடமளிப்பதால் சுவரும் தொடர்ந்து காயும். ஆகவே மார்கழியில் பூச்சு அடிக்க வேண்டியிருந்தால் சுண்ணாம்பு பொருந்தும். எமல்ஷன் அடிப்பதாக இருந்தால், மாசி, பங்குனி வரை பொறுத்திருந்து, அலுமினியத் தாள் சோதனை செய்த பிறகே பட்டி பார்த்து, பிரைமர் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போதும் அடிக்கும்போதும் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு விளையும் என்பதால், கண்ணாடியும் கையுறையும் கட்டாயம் வேண்டும்.

குளியலறையும் சமையலறையும்

குளித்து முடித்தவர், சுவரிலும் தரையிலும் உள்ள தண்ணீரை ரப்பர் வைப்பரால் வழித்துத் தள்ளிவிட்டு, எக்ஸாஸ்ட் விசிறியை மேலும் இருபது நிமிடம் ஓட விடும் பழக்கம் குளியலறைப் பூஞ்சையைப் பெரிதும் தடுத்துவிடும். டைல் இணைப்புகளில் கருமை கண்டால் பழைய பல்துலக்கியால் சோப்பு நீரிட்டுத் தேய்க்க வேண்டும். இணைப்புச் சாந்து உதிர்ந்திருந்தால் அதைப் புதுப்பிக்க வேண்டும். முன்புறக் கதவுள்ள சலவை இயந்திரத்தின் ரப்பர் மடிப்பை ஒவ்வொரு சலவைக்குப் பின்னும் துடைத்து, கதவைத் திறந்தே வைக்க வேண்டும்.

சமையலறையில் இட்லிப் பானையும் உலையும் கொதிக்கும்போது எழும் ஆவி, வெளியேற வழியில்லாவிட்டால் பரணிலும் அலமாரியிலும் படியும். அடுப்பைப் பற்றவைக்கும்போதே விசிறியையும் போட வேண்டும். துணிகளை வீட்டுக்குள் காயப் போடுவதும் இதைப் போன்றதே. தவிர்க்க முடியாத மழைநாளில் ஒரே அறையில் காயப்போட்டு, கதவை மூடி, விசிறியைப் போட்டு, அந்த அறையின் வெளிச்சன்னலை மட்டும் சிறிது திறந்து வைக்கலாம்.

உணவுப் பொருட்கள்

சுவர்ப் பூஞ்சையைவிட உணவுப் பூஞ்சை நேரடியான கேடு. நிலக்கடலை, மக்காச்சோளம், காய்ந்த மிளகாய், கொப்பரை ஆகியவற்றில் வளரும் சில பூஞ்சைகள் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. கல்லீரலைத் தாக்கும் இந்த நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுமையாக அழிவதில்லை. எனவே பூஞ்சை பிடித்ததைக் கழுவியோ வெயிலில் காயவைத்தோ பயன்படுத்தக் கூடாது. கசந்த கடலையை உடனே துப்பிவிட வேண்டும். ரொட்டி, ஊறுகாய் போன்றவற்றில் ஓரிடத்தில் பூஞ்சை கண்டாலும் முழுவதையும் எறிந்துவிட வேண்டும். மேலே தெரியும் பகுதியை மட்டும் எடுத்துவிடுவது போதாது.

சேமிப்பில் பலரும் கவனிக்காத தவறு ஒன்று உண்டு. மில்லிலிருந்து அரைத்து வந்த மிளகாய்த்தூளும் மாவும் சூடாக இருக்கும். வெயிலில் காய்ந்த பருப்பும் வற்றலும் அப்படியே. அந்தச் சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடினால், மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த நீர் சொட்டிய இடத்தில் கட்டி விழுந்து பூஞ்சை தொடங்கும். தாளில் பரப்பி, கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே டப்பாவில் நிரப்ப வேண்டும்.

துணி, புத்தகம், தோல்பொருள்

1. குளியலறையோடு பொதுச்சுவர் கொண்ட அலமாரியில் பட்டுப்புடவை, பத்திரங்கள், ஆல்பம் ஆகியவற்றை வைக்காதிருப்பதே முதல் பாதுகாப்பு.
2. பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையில் வைக்காமல் வெளுத்த பருத்தித் துணியில் சுற்றி வைக்கவும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடிக்கவும்.
3. பூஞ்சை கண்ட புத்தகத்தை வெளியே கொண்டு போய், முகக்கவசத்தோடு, நிழலில் விரித்து உலர்த்தவும். முழுமையாகக் காய்ந்த பின் மென்தூரிகையால் தாளின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் தட்டிவிடவும். ஈரத்தோடு துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கும். கடும் வெயில் தாளை மஞ்சளாக்கி முறுக்கும்.
4. தோல் செருப்பு, பெல்ட், பை ஆகியவற்றைச் சிறிது சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, நிழலில் உலர்த்தவும்.
5. கேமரா லென்சுகளைக் காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கவும். நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றவும். ஈரம் உறிஞ்சும் கால்சியம் குளோரைடு டப்பாக்களைப் பீரோவில் வைக்கலாம். சேர்ந்த நீரைத் துணியில் சிந்தாமல் கொட்ட வேண்டும்.

எச்சரிக்கை: அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தைக் குறைக்காது. அந்துருண்டையோடு வைத்த துணியை அப்படியே பிறந்த குழந்தைக்கு உடுத்துவதும் சுற்றுவதும் ஆபத்து. ஜி6பிடி என்னும் நொதிக்குறை உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களை அது சிதைக்கும்.

ஏசி அறை

ஏசியின் வடிகட்டியை மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி, உலர்ந்த பின் பொருத்த வேண்டும். நீர் வெளியேறும் குழாய் அடைபட்டால் நீர் சுவருக்குள் இறங்கும். போட்டவுடன் மக்கல் வாடை வந்தால் உள்ளே பூஞ்சை இருக்கிறது. மெக்கானிக்கைக் கொண்டு உட்பகுதியைக் கழுவ வேண்டும். வெப்பநிலையை மிகவும் தாழ்த்தி வைத்தால் மறுபக்கச் சுவர் வியர்க்கும். வெளியே வெப்பம் குறைவாகவும் ஈரம் மிகுதியாகவும் உள்ள நாட்களில் ‘டிரை’ நிலையில் ஓட்டுவது பொருத்தம்.

வெள்ளம் புகுந்த வீடு

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் சென்னையிலும் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் ஏற்பட்டது போன்ற வெள்ளத்துக்குப் பின், முதல் இரண்டு நாட்களில் செய்யும் வேலையே வீட்டைக் காக்கும்.

1. மின்வாரிய ஊழியரோ எலெக்ட்ரீஷியனோ சோதித்துச் சொல்லும் வரை மின்இணைப்பைத் தரக் கூடாது.
2. எதையும் அகற்றும் முன், நீர்மட்டக் கோட்டையும் சேதங்களையும் படம் எடுக்கவும். காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் அவை உதவும்.
3. நீரையும் சேற்றையும் வெளியேற்றவும். வெள்ளநீரில் சாக்கடை கலந்திருக்கும் என்பதால் ரப்பர் காலணியும் கையுறையும் வேண்டும்.
4. வெள்ளநீரில் ஊறிய இலவம்பஞ்சு, தென்னை நார், ஃபோம் மெத்தைகள், தலையணைகள், பிளைவுட் தட்டுகள் ஆகியவற்றைக் காப்பாற்ற முயலாமல் அகற்றவும்.
5. தரையையும் சுவரையும் சோப்பு நீரால் கழுவி, நல்ல தண்ணீரால் அலசவும். அதன் பின்னரே கிருமிநாசினி. சேற்றின் மேல் தெளிக்கும் கிருமிநாசினி வேலை செய்யாது.
6. மின்சாரம் வந்ததும் எல்லா மின்விசிறிகளையும் போட்டு, அலமாரிக் கதவுகளையும் இழுப்பறைகளையும் திறந்து, பல நாள் தொடர்ந்து உலரவிடவும்.

ஆண்டு முழுவதற்குமான வேலை அட்டவணை

- சித்திரை, வைகாசி: மாடி விரிசல்களை அடைத்தல், தண்ணீர் கட்டிப் பார்த்தல், இலவம்பஞ்சு மெத்தைகளை வெயிலில் போடுதல், பருப்பும் மிளகாயும் காயவைத்துச் சேமித்தல். கன்னியாகுமரி, நீலகிரி, வால்பாறைப் பகுதிகளில் தென்மேற்குப் பருவமழை ஜூனிலேயே தொடங்குவதால், மாடி வேலைகளை வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும்.
- ஆவணி, புரட்டாசி: மழைநீர்க் குழாய் வாய்களைத் துப்புரவு செய்தல், சுவரில் உரசும் கிளைகளை வெட்டுதல், மேல்நிலைத் தொட்டி வழிந்தோடும் குழாயைச் சரிபார்த்தல், பீரோக்களைச் சுவரிலிருந்து நகர்த்துதல்.
- ஐப்பசி, கார்த்திகை: வாரம் ஒருமுறை டார்ச் வெளிச்சத்தில் பீரோவின் பின்புறம், பரண், கழுவுதொட்டியின் அடி, கூரை மூலைகள் ஆகியவற்றைப் பார்த்தல். உள்ளங்கை அளவுக் கறையைக் கண்ட அன்றே துடைத்துவிடுதல்.
- மார்கழி, தை: காற்றோட்டம் கொடுத்து உலர்த்துதல், கறைகளை நீக்குதல், தேவையானால் சுண்ணாம்பு அடித்தல்.
- மாசி, பங்குனி: அலுமினியத் தாள் சோதனைக்குப் பின் பட்டி, பிரைமர், எமல்ஷன்.

இந்த வரிசையில் ஓராண்டு வேலை செய்த பிறகும் ஒரே இடத்தில் பூஞ்சை திரும்பி வந்தால், ஈரத்தின் மற்றொரு வழி இன்னும் அடைபடவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போது வண்ணக்கடையில் விற்கும் பூஞ்சைத் தடுப்பு மருந்துகளை மாற்றி மாற்றி வாங்குவதைக் காட்டிலும், அந்தப் பணத்தை ஒரு நல்ல கொத்தனாருக்கோ பிளம்பருக்கோ கொடுத்து, ஈரம் வரும் வழியை மீண்டும் ஒருமுறை தேடச் செய்வதே வீட்டுக்கும் அதில் வாழ்வோரின் நுரையீரலுக்கும் செய்யும் நன்மையாகும்.